அமெரிக்க நீதிமன்ற நிர்வாகச் சட்டம் (1939) பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சட்டக் கல்லூரிக் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1939 வரை அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் வரவுசெலவு நீதித்துறை அமைச்சகத்தின் கையில்தான் இருந்தது. அதே அமைச்சகம்தான் அரசு சார்பில் அந்தக் கோர்ட்டுகளில் வாதாடுகிறது! குமாஸ்தா சம்பளம், தட்டச்சு இயந்திரம், சட்டப் புத்தகம் என்று எதற்கும் நீதிபதி அந்த அமைச்சகத்திடமே கையேந்த வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் தனி நிர்வாக அலுவலகத்தை உருவாக்கி, பொறுப்பை நீதிபதிகளிடமே கொடுத்தது. உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகளைப் போடப் பார்த்து 1937இல் தோற்றவரும் அவரேதான். எனக்கு இந்த இடம்தான் சுவாரசியம்.

அந்த மசோதா பற்றிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) குழு விசாரணைப் பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா? ஸ்கேன் பிரதி போதும். அமைச்சகம் இந்த அதிகாரத்தை ஏன் மனமுவந்து விட்டுக்கொடுத்தது என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், இப்போது நீதிமன்றங்கள் கேட்கும் தொகையை ஜனாதிபதி மாற்றாமல் அப்படியே காங்கிரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இது எப்படி ஓடுகிறது? அங்கே கோர்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், ப்ளீஸ். மாத இறுதிக்குள் கிடைத்தால் நல்லது.