அம்பாசமுத்திரம் பக்கம் நம்பிப் போடக்கூடிய இணைய இணைப்பு எது?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கல்லிடைக்குறிச்சியில் குடியிருக்கிறோம். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இப்போதுள்ள இணைப்பு அடிக்கடி நின்றுவிடுகிறது. மோடத்தில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் (ஒளியிழைக் கம்பியில்) ஒளி வரவில்லை என்று பொருள். இணைப்பு நின்ற அன்று அவளுக்குச் சம்பளம் பிடித்துவிடுகிறார்கள். புகார் சொன்னால் “ஆள் வருவார்” என்பதே பதில். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விலை 499 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 589 ஆகிறது. கூடக் கொடுக்கவும் தயார், இணைப்பு நிற்காமல் இருந்தால் போதும்.

சில இடங்களில் ஃபைபர் தெருமுனைப் பெட்டி வரைதான் வருகிறது. அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரண கேபிள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது பெரிய தலைவலி.

அம்பை, வீரவநல்லூர், சேரன்மகாதேவி நண்பர்களே, கரண்ட் இல்லாதபோதும் உங்கள் இணைப்பு ஓடுகிறதா? எந்த நிறுவனம்? வரியோடு மாதம் எவ்வளவு? பழுதானால் எப்போது வந்து பார்க்கிறார்கள்? புதிய இணைப்புக்கு ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். அப்படிக் கட்டியவர்கள் தயவுசெய்து உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.