டர்பனில் ஓடிய புரொப்பெல்லர் வால் அணையில் திணறியது: உங்கள் அனுபவம் என்ன?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நின்றுவிட்டு, மறுநாள் விடியும் முன்பே படகை டிரெய்லரில் கட்டிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் ஏறினோம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மைத்துனர், அந்தப் பகுதியில் உள்ள வால் அணைக்கு வரச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மீட்டர் படகு, 60 குதிரைத்திறன் மோட்டார், 13 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட அலுமினிய புரொப்பெல்லர். டர்பன் துறைமுகத்துக்கு வெளியே முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 5,600 சுற்று காட்டும். அணையிலோ முள் 4,900-ஐத் தாண்ட மறுத்தது. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 42 கிலோமீட்டர். மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. சிரிப்பே போதுமானதாக இருந்தது.

மோட்டார் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், பெட்ரோல் வடிகட்டியை மாற்றினேன். படகை இறக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். டர்பன் என்றதும் எழுந்துபோய் ஒரு பழைய புரொப்பெல்லரை எடுத்துவந்தார். 11 பிட்ச்.

வால் அணை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்ற கணக்கில் மோட்டாரின் சக்தி குறையும். ஆக 15 சதவீதம் மலையேறும்போதே கழன்றுவிட்டது. மெல்லிய காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளப் புதிய மோட்டார்களுக்குத் தெரியும். இல்லாத காற்றை அவை எங்கே போய் வாங்கும்? கூடவே மைத்துனர் குடும்பமும் ஒரு பெரிய ஐஸ் பெட்டியும் ஏறியிருந்தார்கள்.

நீரில் வழுக்காமல் திருகாணிபோல் போனால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று கூடும். 11 பிட்ச் மாட்டியதும் 5,400 வந்தது, வேகம் 43. பின்பலகையில் மோட்டாரை ஒரு துளை மேலே ஏற்றினோம், 19 மில்லிமீட்டர்தான். 5,500 சுற்று, 45 கிலோமீட்டர். அன்றிரவு தாளில் கணக்குப் போட்டேன்: 5,500-ஐ கியர் விகிதமான 1.83-ஆல் வகுத்து, 11 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 50 கிலோமீட்டர் வரவேண்டும். வழுக்கல் 11 சதவீதம். பழைய புரொப்பெல்லரில் அது 21. பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று இத்தனை வருடம் கடைக்காரர்களிடம் வாதாடியதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்தவன் அதை மாற்ற மறந்துவிட்டேன். துறைமுக வாயிலைத் தாண்டி த்ராட்டிலை அழுத்தினால், 6,000-ஐத் தொட்டதும், அளவுமீறிச் சுற்றாமலிருக்க மோட்டார் தானாகவே மூச்சை அடக்கிக்கொண்டது. கையேட்டில் முழு த்ராட்டிலுக்கு 5,000 முதல் 6,000 என்று போட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

உம்கோமாஸிலிருந்து:

ஐயா, அந்த ஒரு துளையை மறுபடியும் கீழே இறக்கிவிட்டீர்களா? நாங்கள் இரட்டை மோட்டார் ஸ்கி போட்டில், அதாவது சிறு மீன்பிடிப் படகில், கரையிலிருந்தே அலையைக் கடந்து போகிறவர்கள். நானும் வேகத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு மோட்டாரையும் ஏற்றினேன். தட்டையான கடலில் 3 கிலோமீட்டர் கூடியது. அடுத்த ஞாயிறு, அலை வருவதைப் பார்த்துப் படகைத் திருப்பியபோது புரொப்பெல்லர்கள் காற்றைக் கவ்விக்கொண்டன. மோட்டார்கள் அலறின, படகு நின்ற இடத்திலேயே நின்றது. அந்த இரண்டு விநாடியில் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்பது நினைவில்லை. கீழே இறக்கியதோடு நான்கு இதழ் புரொப்பெல்லருக்கும் மாறிவிட்டேன். உச்ச வேகம் சற்றுக் குறைவு, ஆனால் பிடி விடுவதில்லை. மோட்டாரில் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே இருக்கும் தட்டைத் தகட்டை எல்லோரும் கேவிட்டேஷன் தகடு என்கிறார்கள். அது தடுப்பது மேலிருந்து இழுக்கப்படும் காற்றை. கேவிட்டேஷன் என்பது இதழின் மேல் அழுத்தம் குறைந்து நீரே ஆவியாவது, வேறு சங்கதி.

டொங்காட்டிலிருந்து:

என் கதை இவ்வளவு கௌரவமானதல்ல. படகு மெதுவாகிக்கொண்டே வந்தது. 13, 12, 11 என்று மூன்று புரொப்பெல்லர் வாங்கினேன், மனைவிக்கு இரண்டுதான் தெரியும். கடைசியில் ஓர் எடைமேடையில் டிரெய்லரோடு நிறுத்தியபோது, வாங்கியதைவிட 140 கிலோ அதிகம். தரைக்கு அடியில் இருந்த நுரை வருடக்கணக்காகத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. பின்பலகையின் அடியில் துளை போட்டதும் இரண்டு நாள் சொட்டியது. மீதி நுரையை வெட்டி எடுத்தோம். இப்போது பழைய 13-லேயே நன்றாக ஓடுகிறது. 12 பிட்ச் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், கராஜில் தொங்குகிறது.