வீட்டு வீடியோவுக்கு எந்த ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கிற) எடிட்டர்? பயன்படுத்துறவங்க சொல்லுங்க

நறுக்குமணி:
காதுகுத்து, பிறந்தநாள் வீடியோன்னா முதல்ல வேலை என்னன்னு பாருங்க. முன்னாடி பின்னாடி வெட்டி எடுக்கிறது மட்டும்தான்னா முழு எடிட்டரே தேவையில்லை, லாஸ்லெஸ்கட்ங்கிற வெட்டுற மென்பொருளே போதும். மறுபடி என்கோட் பண்ணாது, அதாவது வீடியோவைப் புதுசா சுருக்கி எழுதாது. அதனால பெரிய ஃபைலும் சில நொடியில முடியும், தரமும் குறையாது. ஆனா கீஃப்ரேம் (முழுப் படமா சேமிச்சிருக்கிற ஃப்ரேம்) இருக்கிற இடத்துலதான் வெட்டும். குறிச்ச இடத்துக்கு ஒண்ணு ரெண்டு நொடி முன்னாடியே படம் தொடங்கினா பதறாதீங்க, அது வேலை செய்யுற விதமே அப்படித்தான். ஒட்டுறதுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: கிளிப் எல்லாம் ஒரே கோடெக் (வீடியோவைச் சுருக்குற முறை), ஒரே அளவுல இருக்கணும். மாமா போன்ல எடுத்ததையும் சித்தி போன்ல எடுத்ததையும் சேர்த்தா படம் சிதறும்.

ஷாட்கட் ரசிகன்:
அந்த மாமா-சித்தி கேஸுக்கு ஷாட்கட்ங்கிற எடிட்டர். இதுல எல்லாரும் மாட்டுற இடம் வீடியோ மோட். 'ஆட்டோமேட்டிக்'லயே விட்டா முதல்ல போடுற கிளிப்பைப் பார்த்துதான் ப்ராஜெக்ட் அளவை முடிவு பண்ணும். முதல் கிளிப் நிமிர்த்திப் பிடிச்சு எடுத்ததா இருந்தா மொத்த வீடியோவும் ரீல்ஸ் மாதிரி ஆயிடும். அதனால எதையும் திறக்கிறதுக்கு முன்னாடியே செட்டிங்ஸ்ல வீடியோ மோடை 1080பி 30-னு வச்சுடுங்க.

அடுத்தது, உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம். வெளிச்சம் குறைஞ்சா போன் தானே ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம்ங்கிறதை) குறைச்சுக்கும். மண்டப வீடியோவுல இது சகஜம். அப்படிப்பட்ட கிளிப்பைத் திறந்தா 'எடிட் ஃப்ரெண்ட்லி'யா, அதாவது எடிட் பண்ணத் தோதா, மாத்தவான்னு ஷாட்கட் கேட்கும். 'வேண்டாம்'னு தட்டிட்டு அப்புறம் ஆடியோவை இழுத்து இழுத்துப் பொருத்துறது வீண் வேலை. மாத்திக்கோங்க. ஸ்லைடரை 'குட்'ல வச்சாலே வீட்டு உபயோகத்துக்குத் தாராளம், 'பெஸ்ட்'ல வச்சா ஹார்ட் டிஸ்க் தாங்காது.

வெட்ட எஸ், வெட்டின துண்டை இடைவெளி விடாம தூக்க எக்ஸ். ஒரு கிளிப் மேல இன்னொண்ணு கொஞ்சம் ஏறுற மாதிரி இழுத்து விட்டா டிரான்சிஷன் தானா வந்துடும். பாதி வேலை இதுலயே முடிஞ்சுது.

லினக்ஸ் அக்கா:
கேடன்லைவ்னு இன்னொரு எடிட்டர் இருக்கு. அதுக்கும் ஷாட்கட்டுக்கும் உள்ளே ஓடுறது எம்எல்டிங்கிற ஒரே எஞ்சின்தான். அதனால இதுல படம் நல்லா வரும், அதுல வராதுன்னு கிடையாது. நாலஞ்சு டிராக், சப்டைட்டில், பின்னணி இசைன்னு வேலை நீளும்னா கேடன்லைவ் வசதி. பத்து நிமிஷ வீடியோவுக்கு ஷாட்கட்டே போதும்.

4கே கிளிப், எச்.265-ங்கிற கோடெக்ல இருக்கிற கிளிப் எல்லாம் பழைய லேப்டாப்ல திக்கும். ரெண்டுலயும் ப்ராக்ஸி இருக்கு, போட்டுக்கோங்க. எடிட் பண்றப்போ சின்ன நகல் ஓடும், எக்ஸ்போர்ட் அசல்லேர்ந்துதான் போகும். இனிமே எடுக்கப் போற வீடியோன்னா போன் கேமராவுலயே எச்.264-க்கு மாத்திட்டா பாதி தொல்லை இல்லை.

ப்ராஜெக்ட் ஃபைல்ல வீடியோ இருக்காது, வீடியோ எங்கே இருக்குங்கிற குறிப்புதான் இருக்கும். பென்டிரைவ்லேர்ந்து நேரா இழுத்துப் போட்டுட்டு பென்டிரைவை உருவினா எல்லாம் 'காணோம்'. முதல்ல ஒரே ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டுத் தொடங்குங்க. வேற கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகணும்னா கேடன்லைவ்ல 'ஆர்க்கைவ் ப்ராஜெக்ட்' இருக்கு.

நறுக்குமணி:
அக்கா சொன்னது சரி. டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டர் பத்தி யாராவது கேட்பீங்க: இலவசப் பதிப்பு இருக்கு, ஓப்பன் சோர்ஸ் இல்லை.

எழுத்துரு தம்பி:
டைட்டில்ல தமிழ் போடுறவங்களுக்கு: யூனிகோட்ல அடிச்சு நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு ஃபான்ட் தேர்ந்தெடுங்க. பத்திரிகை அடிச்ச கடையிலேர்ந்து பாமினிங்கிற யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்ல வந்த வாசகத்தை அப்படியே ஒட்டினா ஆங்கில எழுத்தா கொட்டும். யூனிகோடுக்கு மாத்திட்டுத்தான் ஒட்டணும்.

ஷாட்கட் எக்ஸ்போர்ட்ல தரம் 55 சதவீதம்னா சிஆர்எஃப்ங்கிற சுருக்க அளவு 23. வீட்டு வீடியோவுக்கு அதுவே போதும், சதவீதத்தை ஏத்தினா ஃபைல்தான் வீங்கும். ஹார்ட்வேர் என்கோடர் (கிராஃபிக்ஸ் சிப்பை வச்சு சுருக்குறது) டிக் போட்டா சீக்கிரம் முடியும், ஆனா அதே தரத்துக்கு சைஸ் கூடும். வாட்ஸ்அப்புக்கு 1280 x 720-ல தனியா ஒண்ணு எடுங்க. டிவியில பென்டிரைவ் போட்டுப் பார்க்கணும்னா ஃபேட்32 முறையில ஃபார்மேட் பண்ணின பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை ஏத்துக்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தணும். டிவி எக்ஸ்ஃபேட் படிக்குமான்னு சின்ன ஃபைல் ஒண்ணைப் போட்டுப் பார்த்துட்டு மாத்துங்க.