விர்ச்சுவல் மெஷின்: தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

குழுமத்தாருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) நிறுவும் பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். போன வருடம் வரை ஒவ்வொருவரும் வெறும் கணினியில் லினக்ஸ் இயங்குதளம், அஞ்சலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த அஞ்சலைப் படிக்கத் தரும் டவ்காட் என்று வரிசையாக ஏற்றினார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி தவறினால் அன்றைய பிற்பகலே போய்விடும். இந்த முறை எல்லாம் சரியாக அமைந்த ஒரு விர்ச்சுவல் மெஷினை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியைச் செய்து, அந்தக் கோப்பைப் படியெடுத்து 24 பேருக்கும் கொடுத்தேன். கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு நிமிடம்தான்.

முதல் பக்கத்தில் 'மெய்நிகர் இயந்திரம்' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "சார், மெய் மாதிரின்னா, அப்ப இது பொய்யா?" பதில் சொல்ல வரவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

———

ஐயா, இயந்திரம் வடசொல். நம்மிடம் பொறி இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருந்தவை பொறிகள்தாமே? 'நிகர்பொறி' என்போம். நிகர்த்த, நிகர்க்கின்ற, நிகர்க்கும் பொறி என முக்காலமும் விரியும் வினைத்தொகை. ஆகவே வலி மிகாது. 'நிகர்ப்பொறி' என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

———

> வினைத்தொகை. ஆகவே வலி மிகாது

'நிகரற்ற' என்பதில் நிகர் பெயர்ச்சொல். அப்படிக் கொண்டால் ஒற்று மிகும். தவிர, பொறி என்றால் என் ஊரில் எலிப்பொறிதான்.

———

நான் சர்வர் பார்க்கிறவன். சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். 1974இல் போப்பெக், கோல்ட்பர்க் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். உண்மையான எந்திரத்தின் நகலாக இருக்க வேண்டும், பிறவற்றிலிருந்து பிரிந்து தனித்திருக்க வேண்டும், வேகம் பெரிதாகக் குறையக் கூடாது. 'நிகர்' முதலாவதை மட்டுமே சொல்கிறது. எனக்குச் சோறு போடுவது இரண்டாவது. ஒன்றில் ஸ்பேம் வடிகட்டி நினைவகத்தைத் தின்று விழுந்தாலும் பக்கத்தில் இருப்பது அஞ்சலை வாங்கிக்கொண்டே இருக்கும்.

ஐயா, 24 படிக்கும் ஹோஸ்ட்நேமை (வலையில் கணினியின் பெயரை) மாற்றினீர்களா?

———

மாற்றவில்லை. முதல் நாளே மாட்டிக்கொண்டோம். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பினால், எதிர்முனை சொல்லும் பெயரும் தன் பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, அஞ்சல் தனக்கே திரும்பி வருகிறது என்று போஸ்ட்ஃபிக்ஸ் மறுத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த பிறகுதான் ஓடியது.

———

பெயர் வைத்தபின் தனி உயிராகிவிட்டது, பாருங்கள்! அதனால் 'கூடு' என்கிறேன். "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே" என்று வள்ளுவர் உடம்பைக் கூடாகவும் உயிரைப் பறவையாகவும் பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தாமலே இன்னொரு சர்வருக்கு மாற்றுகிறார்களே, அதற்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று திருமூலர் கதையிலேயே சொல் தயார்.

தாங்கும் கணினி (ஹோஸ்ட்) விருந்தோம்பி, உள்ளே வருவது (கெஸ்ட்) விருந்து. விருந்துக்குப் புதுமை என்பதுதான் பழைய பொருள். தொல்காப்பியர் "விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே" என்கிறார். புதிதாகப் புனைந்த கணினிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

———

அக்கா, சொல் அழகுதான். ஆனால் கூடு பாயும்போது கூடு பின்னே நின்றுவிடும், உயிர்தான் போகும். இங்கே மெஷின் முழுவதுமே இடம் மாறுகிறது. பின்னே நிற்பது கீழிருந்த இரும்பு, அதாவது வன்பொருள். அப்படியானால் சர்வர்தான் கூடு, மெஷின் உயிர். மேலும் டாக்கர் என்ற மென்பொருள் வந்தபின், நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கண்டெய்னருக்குக் கூடு என்று சிலர் சொல்லத் தொடங்கிவிட்டோம். கண்டெய்னர் கீழுள்ள கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) பகிர்ந்துகொள்கிறது, விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) தனிக் கெர்னல். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர்கள் தேர்வில் குழம்புவார்கள்.

———

அனைவருக்கும் நன்றி. 'மெய்நிகர் கணினி' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். கணினி என்றால் கேட்டதும் புரிகிறது. அடைப்புக்குறியில் 'விஎம்' சேர்த்திருக்கிறேன், ஆய்வகத்தில் எல்லார் வாயிலும் அதுதான். விருந்தோம்பி, விருந்து இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த மாணவிக்கு, பெயர் வைத்தபின் அஞ்சல் போனதைக் காட்டி, பொய்யில்லை என்றேன்.

———

கையேடு வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் நிகர்பொறியை நான் விடவில்லை. ஒற்று மிகும் என்றவர் 'ஊறுகாய்', 'சுடுகாடு' இரண்டையும் பார்த்துவிட்டு மறுமொழி எழுதட்டும்.