ஆன்சாம்பிள் நகைச்சுவைத் தொடர்: தமிழில் என்ன சொல்லலாம்?

பாடக்காரி, திங்கள் இரவு:
அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டின் தமிழ்வழி வினாத்தாள் வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அமெரிக்காவின் 'தி ஆஃபீஸ்' போன்ற அலுவலக நகைச்சுவைத் தொடர்களை 'ஆன்சாம்பிள்' என்கிறார்கள். ஒருவரை நாயகராக்கி மற்றவர்களை எடுபிடிகளாக்காமல், பத்துப் பன்னிரண்டு பேரும் தோள் கொடுத்துச் சுமக்கும் நடிப்பு. 'குழுநடிப்பு' என்று பாடத்தில் எழுதியிருந்தேன். "எல்லாத் தொடரிலும் குழுதானே நடிக்கிறது, அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. உதவுங்கள்.

பழம்பாடி:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: பல்லியம். பல இயங்கள், அதாவது இசைக்கருவிகள், சேர்ந்து ஒலிப்பது. குறுந்தொகையின் வெறியாட்டுப் பாட்டில் 'பல்லியங் கறங்க' என வருகிறது. நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு புலவர் இருந்திருக்கிறார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் இசைக்குழுவைக் குறிப்பதுதான். 'பல்லியத் தொடர்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

துணைவரி:
ஐயா, 'பல்லியத் தொடர்' என்றால் என் மகன் பல்லியைப் பற்றிய தொடர் என்பான். நான் திரைக்குக் கீழே ஓடும் வரிகளை எழுதுகிறவன். பார்ப்பவர் இரண்டு நொடியில் படித்து முடிக்க வேண்டும். 'பல்நாயகத் தொடர்' போதாதா?

பழம்பாடி:
பல் + இயம். தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். இதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உங்கள் மகனிடம் கேளுங்கள்.

பாடக்காரி:
பல்நாயகம் பொருந்தாது. பல நாயகர்கள் என்றால் ஆளுக்கொரு அறிமுகக் காட்சி, ஆளுக்கொரு சண்டை என்றாகிவிடும். இங்கே ஒருவருமே நாயகர் இல்லை. ஸ்க்ரான்டன் ஊரில் ஒரு காகித நிறுவனத்தின் கிளை அலுவலகம், அவ்வளவுதான். ஒரு காட்சியைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவுக் கெவின், தான் சமைத்த சில்லியை, அதாவது மிளகாய் சேர்த்த கெட்டிக் குழம்பை, பெரிய பானையில் தூக்கிக்கொண்டு வருகிறான். முகப்பு மேசையைத் தாண்டுவதற்குள் பானை சாய்கிறது. கம்பளத்தில் கொட்டியதைக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு அள்ளி அள்ளிப் பானைக்குள் போடுகிறான். கடைசியில் அதிலேயே வழுக்கி விழுகிறான். அதே நேரம் பின்னணியில் அவனுடைய குரல், முந்தின இரவு பூண்டு நசுக்கியதையும் தக்காளி நறுக்கியதையும் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் அவனைத் தவிர ஆளே இல்லை. ஆனாலும் அது குழுவின் காட்சிதான். அந்தப் பானையைப் பார்த்து யார் முகம் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தெரிதலுக்குத்தான் சொல் தேடுகிறேன்.

வழிப்போக்கன்:
'ஆயம்' எப்படி? தலைவியின் தோழியர் கூட்டம்.

துணைவரி:
'ஆய நகைச்சுவை' என்றால் ஆயத்தீர்வைத் துறையைப் பற்றிய நகைச்சுவை என்று எழுதிவைப்பார்கள். அதுவும் அலுவலகம்தான் என்பதை மறுக்கவில்லை.

பழம்பாடி:
ஆயத்துக்கு நடுவில் ஒரு தலைவி வேண்டும். ஆகவே தள்ளுபடி. பல்லியம் பிடிக்கவில்லையென்றால் குரவை என்று சொல்லுங்கள். சிலம்பின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே இட்டு வட்டமாக நிறுத்துகிறாள். வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது. ஏன் ஆடுகிறார்கள்? குடத்துப் பால் உறையவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கேடு வரப்போகிறது. உங்கள் தொடரின் முதல் அத்தியாயமும் கிளையை மூடிவிடுவார்களோ என்ற அச்சத்தோடுதானே தொடங்குகிறது? பெயர்த்தி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

எச்சம்:
சங்கத்தை விடுங்கள், நன்னூலுக்கு வாருங்கள். முன்மொழி, பின்மொழி, பன்மொழி, புறமொழி என நான்கிடத்தும் தொகைப்பொருள் சிறக்கும். நாயகன் முன்னே நடக்கும் தொடரை முன்மொழி என்று வைத்துக்கொள்வோம். 'கபிலபரணர்' (கபிலரும் பரணரும்) போல எல்லாருக்கும் ஒரே மதிப்பு என்றால் உம்மைத்தொகை. எனவே 'உம்மை நடிப்பு'.

பாடக்காரி:
ரசித்தேன், ஐயா. ஆனால் கெவின் காட்சியில் பொருள் அங்கில்லாதவர்களிடம் அல்லவா இருக்கிறது?

எச்சம்:
அப்படியானால் அன்மொழித்தொகை! 'பொற்றொடி வந்தாள்' என்றால் பொன்னும் வரவில்லை, தொடியும் வரவில்லை; சொல்லில் இல்லாத, பொன்வளை அணிந்த பெண்தான் வந்தாள்.

துணைவரி:
தொடி கையில் வந்திருக்கும், ஐயா.

நான் ஒன்று கேட்கிறேன். கிளை மேலாளராக நடித்த ஸ்டீவ் கேரல் 2011இல் ஏழாம் பருவத்தோடு விலகினார். தொடர் 2013 வரை, இன்னும் இரண்டு பருவம் ஓடியது. பெயர்ப்பட்டியலில் முதலில் வந்தவர் போன பிறகும் ஓடியது என்பது குழுவுக்குச் சான்று. ஆனால் அந்த இரண்டு பருவங்களையும் நான் கடனுக்குத்தான் பார்த்தேன். வட்டத்துக்கும் தலைமாடு இருந்ததோ?

பாடக்காரி:
இருக்கலாம். ஆனால் மூலையில் உட்கார்ந்திருப்பவர்களையும் பாருங்கள். ஃபிலிஸ் ஸ்மித் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். மற்றவர்களின் தேர்வுக்காக வசனம் படித்துக்கொடுத்தவரைப் பிடித்து ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மிண்டி கேலிங்கும் பி. ஜே. நோவாக்கும் தொடரின் எழுத்தாளர்கள்; அவர்களுக்கும் மேசை உண்டு. கூட வேலை பார்ப்பவர்களை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? பக்கத்து நாற்காலியில் யார் வந்து விழுகிறாரோ அவரோடு பத்து வருடம். இந்தத் தொடர்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். 'குரவை' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் குரவையில் கைகோத்து ஆடுகிறார்கள். இவர்களோ ஒருவர் கை மற்றவர்மேல் பட்டால் மனிதவளப் பிரிவுக்கு எழுதிப்போடுகிறவர்கள்.

வழிப்போக்கன், வியாழன் மாலை:
நாளை அச்சு. வாக்குகளை எண்ணிப் பார்த்தேன்: குழுநடிப்பு 4, குரவை 2, உம்மை நடிப்பு 1, பல்லியம் 1.

பாடக்காரி:
நான்கில் ஒன்று என்னுடையது, அதுவும் அரை மனதாக. 'குழுநடிப்பு' என்றே அனுப்பிவிட்டேன். அந்த மாணவிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பழம்பாடி:
என் சொற்பட்டியலில் பல்லியம் என்றே ஏற்றிவிட்டேன். மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன்.

எச்சம்:
குழுநடிப்பு என்று சேர்த்து அனுப்பினீர்களா, பிரித்தா? பிரித்தால் தொகையின் வகையே ஐயத்துக்கு இடமாகிவிடும். நாளை விரிவாக எழுதுகிறேன்.