ஒரே நாளில் பத்தடிச் சுவர் எழுப்பலாமா?

புதுவீடு_மதுரை: ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். காலையில் தொடங்கியவர்கள் பொழுது சாய்வதற்குள் பத்தடி ஏற்றிவிட்டார்கள். கேட்டால், "சதுர அடிக்குப் பேசின வேலை சார், இப்படித்தான் ஓடும்" என்கிறார் காண்ட்ராக்டர். இது சரியா?

தூக்குக்குண்டு: சரியே இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடியோடு நிறுத்துவதுதான் முறை. அடிவரிசைச் சாந்து பச்சையாக இருக்கும்போதே மேலே பாரம் ஏறினால் செங்கல்களுக்கு நடுவிலுள்ள சாந்து மூட்டு நசுங்கும், சுவர் குண்டு தப்பும், அதாவது நேர்க்குத்தாக நிற்காமல் சாயும். சதுர அடி ரேட் வந்த பிறகு கொத்து வேலையே கெட்டுப்போச்சு.

மேஸ்திரி_சேலம்: ஐந்தடிக் கணக்கு சரி. ஆனால் வேகமாகக் கட்டினாலே மட்டமான வேலை என்று சொல்லாதீர்கள் தம்பி. செங்கலை ஊறவைத்து, சாரம் கட்டி, சித்தாள் கலவையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் நல்ல கொத்தனார் கரண்டி நிற்காது. நூலும் பிசகாது, மூட்டும் பத்து மில்லிமீட்டரைத் தாண்டாது. நிதானமாகக் கட்டுகிறேன் என்று கலவையைக் குவித்து வைத்து, இறுகியதும் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறவர்களை என்ன சொல்வீர்கள்? அந்தக் கலவையில் பிடிப்பே இருக்காது.

தூக்குக்குண்டு: அது தப்புதான் அண்ணே. ஆனால் அந்த ரேட்டில் செங்கல் நனைக்க யாருக்குக் கூலி இருக்கிறது? காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. பூச்சிலும் இதே அவசரம்தான். ஈரம் இழுக்கும்வரை பொறுக்காமல் சிமெண்ட் தூளைத் தூவித் தேய்க்கிறார்கள். அப்புறம் சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு.

மேஸ்திரி_சேலம்: நாள் கூலி என்றால் இழுத்தடிப்போம் என்று பயந்து சதுர அடி கேட்பதே வீட்டுக்காரர்கள்தான். அதிலும் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத்தான் வேலை. செங்கல் நனைப்பது யார், கட்டிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவது யார் என்று பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான கூலியைக் கொடுத்துவிட்டுத் தரத்தைக் கேளுங்கள்.

புதுவீடு_மதுரை: தண்ணீர் விடுவதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஏறிய சுவரை இப்போது என்ன செய்வது?

தூக்குக்குண்டு: பூச்சு வேலையை நிறுத்துங்கள். நாலைந்து இடத்தில் நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள்.

மேஸ்திரி_சேலம்: இதில் எனக்கும் மறுப்பில்லை. சாய்வைப் பூச்சில் நிரவிவிடலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரித்துக் கட்டும் கூலி காண்ட்ராக்டருடையது.