குழிந்த சிங்க முத்திரை: அச்சுப்பிழையா, பின்னால் நேர்ந்த சேதமா?

கேள்வி:
வணக்கம். பாட்டியின் உண்டியலில் கிடைத்த எஃகு ஒரு ரூபாய் நாணயம் குறித்து உங்கள் உதவி தேவை. ஒரு பக்கம் சிங்க முத்திரை வழக்கம்போல் புடைத்திருக்கிறது. மறுபக்கத்தில் அதே சிங்கம் இடவலம் மாறிக் குழிந்து தெரிகிறது. அந்தக் குழிவின் ஓரத்தில் 1998 என்ற ஆண்டும் மும்பை நாணய ஆலையின் வைரக் குறியும் மங்கலாக உள்ளன. இதை 'பிராக்கேஜ்' என்ற அச்சுப்பிழையாகக் குறிப்பிட்டுத் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பலாமா? புளி போட்டுத் தேய்த்து அனுப்பினால் மதிப்பெண் கூடுமா?

பதில்:
தயவுசெய்து தேய்க்காதீர்கள். தேய்த்த கீறல்கள் லென்ஸில் உடனே தெரிந்துவிடும். மதிப்பெண் தராமல் 'டீடெயில்ஸ்' (சேதமுள்ள நாணயம் என்ற குறிப்பு) என்று மட்டும் எழுதிவிடுவார்கள்.

என்னை யோசிக்க வைப்பது நீங்கள் சொன்ன ஆண்டும் வைரக் குறியும்தான். அச்சடித்த நாணயம் வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்றுத் தகட்டின் அந்தப் பக்கத்தை அச்சுக்குப் பதிலாக ஒட்டிய நாணயத்தின் முகமே அழுத்துகிறது, அதுவே பிராக்கேஜ். இந்த வகை ரூபாயில் ஆண்டும் ஆலைக்குறியும் '1' என்ற எண்ணும் தானியக் கதிர்களும் உள்ள பக்கத்தில்தான் இருக்கும். அந்த அச்சை ஒட்டிய நாணயம் மூடிவிட்டிருந்தால், புதுத் தகட்டில் ஆண்டு எப்படி விழும்?

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏற்கெனவே முழுமையாக அச்சடித்த நாணயம் மீண்டும் உள்ளே சிக்கி, ஒட்டிய நாணயத்தின் அடியில் இரண்டாம் அடி வாங்கியிருக்கலாம். அப்படியானால் நல்ல சிங்கமும் இரண்டாம் முறை அச்சாகியிருக்கும் என்பதால், அங்கே இரட்டைக் கோடுகளை எதிர்பார்க்கலாம். பத்து மடங்கு லென்ஸில் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. இரட்டைக் கோடு எங்கும் இல்லை. ஆனால் நடுச் சிங்கத்தின் மார்பும் பிடரியும் மட்டும் தட்டையாகிப் பளபளக்கின்றன. சுற்றியுள்ள சமதளத்தில் மாற்றமில்லை. எடை 4.8 கிராம்.

பதில்:
அப்படியென்றால் யாரோ இதன்மீது இன்னொரு ரூபாயை வைத்துப் பட்டறை வைஸில் (பொருளை இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கும் கருவி) இறுக்கியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. மேலே வைத்த நாணயத்தின் சிங்கம் ஒரு பக்கம் பதிந்தது. வைஸின் தாடையில் பட்ட பக்கத்தில் மிக உயர்ந்த இடங்கள் மட்டும் நசுங்கின. எடை இங்கே எதையும் நிரூபிக்காது, ஏனெனில் அசல் பிராக்கேஜும் வழக்கமான 4.85 கிராம் அளவிலேயே நிற்கும்.

பலரும் குழப்பிக்கொள்வதால் ஒன்றைச் சொல்கிறேன். 1949இல் அமெரிக்க நாணய ஆய்வாளர் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல் தேய்மானத்தையும் மேற்பரப்பையும்தான் அளக்கிறது. பிழையின் வகை தனியாகத் தீர்மானிக்கப்படுவது. அது ஆலைக்குள் நேர்ந்ததாக இருக்க வேண்டும். உங்களுடையது ஆலைக்கு வெளியே நேர்ந்த சேதம் என்பதால், அனுப்பினால் கட்டணமும் தபால் செலவும்தான் வீணாகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. 'வைஸில் நசுக்கியது, 1998, மும்பை' என்று உறையில் எழுதி, பாட்டியின் மற்ற நாணயங்களோடு வைத்துவிட்டேன்.